ஆனர்ஸ் நான்காம் ஆண்டு: முடிவை ஐந்தாம் செமஸ்டரிலேயே எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் அதன்கீழ் உள்ள கலை, அறிவியல் கல்லூரிகளும் 2023-24 கல்வியாண்டு முதல் நான்காண்டு இளநிலைப் படிப்புக்கு மாறிவிட்டன. தில்லிப் பல்கலைக்கழகம் அதற்கு முந்தைய ஆண்டே மாறி, 2025இல் முதல் நான்காம் ஆண்டு வகுப்பைத் தொடங்கியது. கேரளம் 2024-25இல் மாறியது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் இன்றும் மூன்றாண்டுப் பட்டம்தான். என்றாலும் விழுப்புரம், கடலூர், நாகைப் பக்கமிருந்து புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்து படிக்கிறவர்கள் உண்டு, தில்லிக்குப் போய்ப் படிக்கிறவர்களும் உண்டு. மூன்று ஆண்டோடு பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருவதா, இன்னும் ஓர் ஆண்டு இருந்து ஆனர்ஸ் பட்டம் வாங்குவதா என்ற பேச்சு அந்த வீடுகளில் நடக்கிறது. பெரும்பாலோர் "ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். அப்படித் தள்ளிப் போடுவதால்தான் ஒரு வருடம் வீணாகிறது. மூன்றாம் ஆண்டுக்குள் நுழைகிற மாணவர்களும் பெற்றோரும் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான ஜாம் தேர்வுக்கு விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில் முடிந்துவிடும், தேர்வு பிப்ரவரியில். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைச் சேர்க்கைக்கான கியூட் தேர்வு வழக்கமாக மார்ச்சில் நடக்கிறது. விண்ணப்பம் அதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே வந்துவிடும். அதாவது மூன்றாண்டோடு வெளியேறி முதுநிலை படிக்க வேண்டுமானால் ஐந்தாம் செமஸ்டர் நடக்கும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும். "நான்காம் ஆண்டு இருக்கப் போகிறேன்" என்று எதற்கும் விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டு, ஜூனில் சி.ஜி.பி.ஏ. (பத்துக்கு எடுத்த மொத்தச் சராசரிப் புள்ளி) 7.4 என்று வந்து நிற்கிறவருக்கு, 7.5 கேட்கும் ஆராய்ச்சிப் பிரிவும் (நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதும் வழி) இல்லை, முதுநிலை இடமும் இல்லை. தொடர்ந்து படிப்பது என்று முடிவு செய்தவர்களும் இந்தத் தேர்வுகளை எழுதி வைப்பது நல்லது. விண்ணப்பக் கட்டணம் மட்டுமே செலவு.

நான்காம் ஆண்டில் என்ன இருக்கிறது என்பதே பல வீடுகளுக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் (படிப்பு நேரத்தை அளக்கும் அலகு), நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இது 132, 176. கேரளத்தில் 133, 177. மானியக் குழுவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மேஜர் (முதன்மை) பாடத்துக்கு மூன்றாண்டில் 60 கிரெடிட், நான்காண்டில் 80. மைனர் (துணை) பாடத்துக்கு 24, 32. ஆகவே நான்காம் ஆண்டின் 40 கிரெடிட்டில் மேஜருக்கு 20, மைனருக்கு 8, மிச்சம் 12. இந்த 12 கிரெடிட்டில்தான் இரண்டு வழி பிரிகிறது. ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ் என்றால் அந்த 12 கிரெடிட்டும் ஆய்வேடு. வெறும் ஆனர்ஸ் என்றால் ஆய்வேட்டுக்குப் பதில் மூன்று கூடுதல் பாடங்கள். மைனருக்கு இன்னும் 8 கிரெடிட் பாக்கி இருப்பது பலருக்கு ஏழாம் செமஸ்டர் அட்டவணை கைக்கு வந்த பிறகே தெரிகிறது. வேதியியல் மேஜரும் கணினி அறிவியல் மைனரும் எடுத்தவர், ஆய்வகத்தில் நாள் முழுக்க இருக்கலாம் என்று திட்டமிட்டிருந்தால், மைனர் வகுப்புக்காக வாரத்தில் பாதி நாள் எழுந்து போக வேண்டியிருக்கும்.

ஆராய்ச்சிப் பிரிவில் சேர முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். பத்துப் புள்ளி முறையில் இதைப் பொதுவாக 7.5 என்று எடுக்கிறார்கள். நான்கு செமஸ்டர் முடிந்த கையோடு ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செமஸ்டருக்கு 20 கிரெடிட் என்று வைத்தால், நான்கு செமஸ்டரில் 7.2 எடுத்தவர் அடுத்த இரண்டு செமஸ்டரிலும் சராசரி 8.1 எடுத்தால் 7.5-ஐத் தொடுவார். 7.0 எடுத்தவருக்கு 8.5 வேண்டும். 6.8 எடுத்தவருக்கு 8.9. இரண்டு வருடமாக 6.8 எடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று 8.9க்குத் தாவுவது அபூர்வம். அந்தப் பிள்ளையிடம் "எப்படியும் வந்துவிடும்" என்று சொல்லி மூன்றாம் ஆண்டை ஓட்டவிடுவது அவருக்கு நாம் செய்கிற தீங்கு. 7.2க்கு மேல் உள்ளவர் முயலலாம். அதற்குக் கீழே உள்ளவர் முதுநிலை நுழைவுத் தேர்வுக்கோ வேலைக்கான தேர்வுக்கோ அந்த நேரத்தைக் கொடுப்பதே மேல். அரியர் இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. 120 கிரெடிட் முழுதாக நிரம்பிய பிறகுதான் மற்றப் பேச்சு.

75 என்ற எண் இன்னொரு இடத்திலும் வருகிறது. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிகளின்படி, நான்காண்டுப் பட்டம் முடித்தவர் முதுநிலை படிக்காமலேயே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு எட்டு செமஸ்டரும் சேர்த்து மொத்தத்தில் 75 சதவீதம் வேண்டும். ஆறாம் செமஸ்டர் முடிவில் 7.52 வைத்திருந்தவர் ஏழிலும் எட்டிலும் 7.3 எடுத்தால் மொத்தம் 7.47 ஆகிவிடும். ஆய்வேட்டில் தடுமாறிய ஒரே காரணத்தால் பிஎச்.டி. தகுதி கையை விட்டுப் போகும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் பின்தங்கியோர் ஆகியோருக்கு பிஎச்.டி. தகுதியில் 5 சதவீதம் தளர்வு உண்டு. நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்கி வைத்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் நுழைவதற்கான 75க்கும் தளர்வு உண்டு என்று தாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. தத்தம் பல்கலைக்கழக விதியில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மதிப்பெண்ணைவிடப் பெரிய விஷயம் கைடு. ஆராய்ச்சிப் பிரிவு நடத்தும் துறையில் பிஎச்.டி. நெறியாளராக அங்கீகாரம் பெற்ற நிரந்தர ஆசிரியர்கள் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் வழிகாட்டுதல். கௌரவ விரிவுரையாளர்களையும் ஒப்பந்த ஆசிரியர்களையும் நம்பி ஓடுகிற துறைகளில் இதற்கு வழியே இல்லை. எனவே ஐந்தாம் செமஸ்டரின் முதல் மாதத்திலேயே எச்.ஓ.டி.யைப் பார்த்து, துறையில் எத்தனை பேர் அங்கீகாரம் பெற்ற கைடு, அவர்களில் எத்தனை பேர் இன்னும் இரண்டு ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை ஆனர்ஸ் மாணவர்களை எடுக்கப் போகிறார்கள், நூலகத்தில் எந்த ஆய்விதழ்கள் கிடைக்கின்றன என்று கேட்க வேண்டும். நேரடியாக, பணிவாகக் கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் உண்மையைச் சொல்வார்கள். பதில் "பார்க்கலாம், ஏற்பாடு செய்வோம்" என்று வந்தால், ஏற்பாடு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆய்வேடு எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். செய்முறை வகை வேலைக்கு ஒரு கிரெடிட் என்பது ஒரு செமஸ்டரில் 30 மணி நேரம். 12 கிரெடிட் என்றால் 360 மணி. இதை இரண்டு செமஸ்டருக்குப் பிரித்தால் வாரம் 12 மணி நேரம். எட்டாம் செமஸ்டரில் மட்டும் வைத்தால் 15 வாரத்துக்கு வாரம் 24 மணி நேரம். எங்கே இடறும் என்பது துறைக்குத் துறை வேறு. வேதியியலில் சேர்மத்தைத் தயாரிப்பது கல்லூரியிலேயே முடியும். அதன் கட்டமைப்பை உறுதி செய்யும் என்.எம்.ஆர்., எக்ஸ்.ஆர்.டி. கருவிகள் பெரும்பாலும் வெளியே இருக்கும். மாதிரி அனுப்பி, கட்டணம் கட்டி, வரிசையில் காத்திருக்க வேண்டும். பிப்ரவரியில் அனுப்பினால் ஏப்ரலில் ஆய்வேடு எழுத ஏடு கையில் இருக்கும், தரவு இருக்காது. பொருளியலில் வினாப்பட்டியலை நேரே 200 பேரிடம் கொண்டு போகிறார்கள். முதலில் 15 பேரிடம் முன்னோட்டம் பார்த்திருந்தால், வருமானம் பற்றிய கேள்விக்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை என்பது அப்போதே தெரிந்திருக்கும். வரலாற்றில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தை எடுக்க நிறையப் பேருக்கு ஆசை, நியாயமான ஆசைதான். ஆனால் அக்கால நிர்வாக ஆவணங்கள் பிரெஞ்சு மொழியில், பலவும் கையெழுத்தில். பிரெஞ்சு படிக்கத் தெரியாதவர் ஓர் ஆண்டுக்குள் மொழியையும் கற்று ஆய்வையும் முடிக்க முடியாது. அவர் அதே காலத்தின் தமிழ் ஆவணங்களை வைத்துத் தலைப்பைச் சுருக்கிக்கொள்ளலாம். தாவரவியல் மாணவர்களுக்கு இங்கே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்தியத் தாவரங்களின் உலர்மாதிரித் தொகுப்பு உள்ளது. அங்கே போய்ப் பார்க்க கல்லூரிக் கடிதம் ஏழாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே கையில் இருந்தால் பாதி வேலை எளிதாகும்.

காப்பியடிப்பு விதியையும் முன்கூட்டியே படித்துவிட வேண்டும். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளில் ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் வரை குற்றமாகாது. 10 முதல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைச் சமர்ப்பிக்கவே தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இளநிலை மாணவர் இதில் மாட்டுவது திருடும் எண்ணத்தால் அல்ல. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் அத்தியாயத்தில் பத்தி பத்தியாக எடுத்து வைத்து, கடைசியில் சொந்த நடையில் எழுதலாம் என்று விட்டுவைப்பார், நேரம் இருக்காது. படிக்கும்போதே மூல நூலை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து குறிப்பு எழுதப் பழகினால் இந்தச் சிக்கலே வராது.

அடுத்தது வருடக் கணக்கு. நான்காண்டு ஆனர்ஸ் முடித்தவர் ஓராண்டு முதுநிலை படிக்கலாம், மூன்றாண்டு முடித்தவர் ஈராண்டு படிக்க வேண்டும் என்பது 2024இல் வந்த முதுநிலைக் கட்டமைப்பு. இரண்டிலும் மொத்தம் ஐந்து ஆண்டு. காகிதத்தில் சரி. ஓராண்டு முதுநிலையை நடத்தும் பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தில் இடம் கிடைத்தால்தான் இது மெய்யாகும். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் பட்டத்தின் மேல் ஈராண்டு எம்.ஏ., எம்.எஸ்ஸி. என்ற முறையே நடப்பில் இருக்கிறது. ஆனர்ஸ் முடித்துவிட்டு அங்கே ஈராண்டு முதுநிலையில் சேர்ந்தால் ஆறு ஆண்டாகிவிடும். எம்.எஸ்ஸி.யை சென்னையிலோ திருச்சியிலோ மதுரையிலோ படிப்பதாக எண்ணம் இருப்பவர், நேரடி பிஎச்.டி.யோ வெளிநாடோ நோக்கமில்லை என்றால், மூன்றாண்டோடு வெளியே வருவதே சரி. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

கல்லூரி ஆசிரியர் வேலை பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. 2024 ஜூன் முதல், நான்காண்டுப் பட்டத்தின் இறுதி ஆண்டு மாணவர்களும் 75 சதவீதத் தகுதியோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதலாம். தம் இளநிலைப் பாடம் எதுவானாலும், எந்தப் பாடத்தில் பிஎச்.டி. செய்ய விரும்புகிறார்களோ அந்தப் பாடத்திலேயே எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்து பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆராய்ச்சியில் மனம் வைத்தவருக்கு இது பெரிய வாய்ப்பு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உதவிப் பேராசிரியர் பணிக்கு 55 சதவீதத்துடன் முதுநிலைப் பட்டம் கேட்கும் விதியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனர்ஸ் பட்டத்தையும் நெட் தேர்ச்சியையும் மட்டும் வைத்துக்கொண்டு கல்லூரியில் உதவிப் பேராசிரியராகிவிடலாம் என்று நினைப்பது தவறு.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, யு.பி.எஸ்.சி., வங்கி அதிகாரித் தேர்வு, எஸ்.எஸ்.சி. எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். மூன்றாண்டு எல்.எல்.பி., எம்.பி.ஏ., ஈராண்டு பி.எட். ஆகியவற்றுக்கும் அப்படியே. இந்தப் பக்கம் போகிறவருக்கு நான்காம் ஆண்டு எந்தக் கூடுதல் தகுதியும் தராது.

வெளிநாட்டைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் முதுநிலைக்கு நம் மூன்றாண்டுப் பட்டத்தைப் பொதுவாக ஏற்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டு இளநிலையைக் கேட்கின்றன. மூன்றாண்டை ஏற்பவையும் உண்டு. ஜெர்மனியில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விரும்பும் ஐந்து துறைகளின் சேர்க்கைப் பக்கத்தைப் படித்து, பட்டத்தின் கால அளவு பற்றிய வரியைத் தனியே எழுதி வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். ஏஜெண்ட் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல ஆய்வேடும், அதைக் கூட இருந்து பார்த்த ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதமும் எங்கே விண்ணப்பித்தாலும் எடை சேர்க்கும். நான்காம் ஆண்டின் மெய்யான பயன் என்று நான் கருதுவது இதைத்தான்.

செலவைக் கணக்கிடும்போது கல்லூரிக் கட்டணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். விடுதி, பயணம், ஆய்வகப் பரிசோதனைக் கட்டணம், ஆய்வேடு அச்சு, கட்டு எல்லாம் சேர்த்து, அந்த ஓர் ஆண்டில் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கக்கூடிய சம்பளத்தையும் அதன்மேல் வையுங்கள். கல்விக் கடன் வாங்கியவர்கள், தவணை தொடங்கும் காலம் நான்காம் ஆண்டுக்கு நீளுமா என்று வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாண்டு என்று போட்ட கடனில் அது தானாக நீளாது.

சின்ன விஷயம்போல் தோன்றினாலும் நம் பிள்ளைகளை அதிகம் அலைக்கழிப்பது பெயர். ஒவ்வொரு செமஸ்டரின் கிரெடிட்டும் அகாடமிக் கிரெடிட் வங்கியில் (மாணவரின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் இணையக் கணக்கு) 12 இலக்க எண்ணின்கீழ் ஏற வேண்டும். அந்தக் கணக்கு டிஜிலாக்கர் வழியாக ஆதாரோடு இணைகிறது. நம் மாணவர்களின் மதிப்பெண் பட்டியலில் பெயரும் தலைப்பெழுத்தும் இருக்கும். ஆதாரில் தலைப்பெழுத்துக்குப் பதில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், அதுவும் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். இரண்டும் பொருந்தாவிட்டால் கிரெடிட் கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். வேறு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுநிலைக்கு மாறும் நேரத்தில்தான் இது வெளியே தெரியும். அப்போது திருத்த நாள் இருக்காது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரில் பெயரைத் திருத்திவிட்டு, ஐந்தாம் செமஸ்டரில் ஒருமுறை டிஜிலாக்கரைத் திறந்து முந்தைய நான்கு செமஸ்டர் கிரெடிட்டும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

முதல் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ வெளியேறுகிறவர்கள் மூன்று ஆண்டுக்குள் திரும்பிச் சேர்ந்து, மொத்தம் ஏழு ஆண்டுக்குள் முடிக்கலாம் என்று மானியக் குழுவின் கட்டமைப்பு சொல்கிறது. மூன்றாண்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு போனவர் பிறகு வந்து நான்காம் ஆண்டில் சேரலாமா என்பதற்கு அதே வரியை ஆதாரமாகக் காட்ட முடியாது. "இப்போது போய்விட்டு, வேலை சரிவரவில்லை என்றால் திரும்பி வரலாம்" என்று எண்ணுபவர்கள் டி.சி. வாங்கும் முன் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெற வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் உங்கள் நாளிதழ் மூலமாக ஒரு வேண்டுகோள். ஐந்தாம் செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்தில் ஒவ்வொரு துறையின் அறிவிப்புப் பலகையிலும் கல்லூரி இணையதளத்திலும், அடுத்த ஆண்டு ஆராய்ச்சிப் பிரிவில் எத்தனை இடம், கைடுகள் யார், அவர்கள் எந்தத் தலைப்புகளில் மாணவர்களை எடுக்கிறார்கள், 75 சதவீதத்தை எந்தச் சூத்திரத்தில் கணக்கிடுவார்கள், இடத்தைவிட அதிகம் பேர் விண்ணப்பித்தால் எப்படித் தேர்வு செய்வார்கள் என்பதை வெளியிட வேண்டும். இடமே இல்லாத துறை, இல்லை என்று அதே பலகையில் எழுதிவிட்டால், அந்தப் பிள்ளைகள் அக்டோபருக்குள் ஜாமுக்கும் டிசம்பருக்குப் பின் கியூட்டுக்கும் விண்ணப்பித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.